தனியே விளையாடும் குழந்தை

கடலூரிலிருந்து சிதம்பரத்திற்கு ரயிலில் சென்றிருக்கிறீர்களா? கடலூர் துறைமுகம் சந்திப்பைக் கடந்தால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிறகு சிதம்பரம். இந்தப் பெயர்களை வரிசை பிறழாமல் சொல்லும் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். சிதம்பரத்தில் தொடங்கித் தலைகீழாகவும் சொல்வான். ஆனால், பள்ளியில் இடைவேளை மணி அடித்ததும் மற்றப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாட, இவன் மட்டும் சுவரோரம் அமர்ந்து சிறு கற்களை வரிசையாக அடுக்கி நகர்த்திக் கொண்டிருப்பான். பெயர் சொல்லி அழைத்தாலும் பல நேரம் திரும்பிப் பார்ப்பதில்லை. "அவனுக்கு யாரும் வேண்டாம். அவன் உலகமே தனி" என்று பெரியவர்கள் சொல்லி விடுகிறார்கள். அது உண்மைதானா?

ஆட்டிசம் என்றால் என்ன?

இச்சிறுவனிடம் காணப்படும் நிலைக்கு ஆட்டிசம் என்று பெயர். மூளை வளரும் விதத்தில் மிக இளம் பருவத்திலேயே அமைந்துவிடும் வேறுபாடு இது. தொற்றக்கூடியதன்று. அமெரிக்காவில் பணியாற்றிய லியோ கானர் என்னும் மனநல மருத்துவர், 1943-ல் இத்தகைய 11 குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதினார். தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்று ஒரு காலத்தில் சிலர் கருதினர். அக்கருத்து தவறென்று தள்ளப்பட்டுவிட்டது. மரபணுக்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்பதை இன்று அறிவோம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021-ல் உலகில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர்.

ஒளியின் நிறமாலையில் பல நிறங்கள் இருப்பதுபோல ஆட்டிசத்திலும் பல வகையினர் உண்டு. சிலர் சரளமாகப் பேசுவர். சிலர் பேசுவதே இல்லை. முகத்தை நேருக்கு நேர் பார்ப்பதும், சொல்லாமல் விட்டதைக் குறிப்பால் உணர்வதும் பலருக்குக் கடினம். ஒரே பொருளில் ஆழ்ந்த ஈடுபாடு இருக்கும். நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் ஓசை சிலர் காதில் தாங்க முடியாத இரைச்சலாக விழும். சிதம்பரம் தேரோட்டத்தின் மேள முழக்கத்தை நினைத்துப் பாருங்கள். நமக்கு உற்சாகம் தரும் அந்த ஒலியே அக்குழந்தையைக் காதுகளைப் பொத்திக்கொண்டு அலற வைக்கலாம்.

பெயரால் வந்த மயக்கம்

அரசு ஏடுகளில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று இவர்களைக் குறிப்பிடும் வழக்கம் உண்டு. இப்பெயரைக் கேட்போர், இக்குழந்தைகளுக்குத் தோழமையில் நாட்டமே இல்லை என்று எண்ணிவிடக்கூடும். ஆனால், அவர்களிடமே கேட்டபோது வேறு விடை கிடைத்தது. நிரிட் பாமிங்கர், கோனி கசாரி ஆகிய இரு ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், நன்கு பேசக்கூடிய ஆட்டிசக் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட அதிகமாகத் தனிமையை உணர்வதாகத் தெரிவித்தனர். சுவரோரம் இருக்கும் சிறுவன் மற்றவர்களை விரும்பாமல் ஒதுங்கி நிற்கிறான் என்று முடிவு கட்டிவிட முடியாது. அவர்களோடு சேரும் வழி தெரியாமலும் இருக்கலாம் அல்லவா?

அந்த வழி நமக்காவது தெரியுமா? ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்னும் பிரிட்டிஷ் அறிஞர் இக்கேள்வியை 2012-ல் எழுப்பினார். தமிழ் மட்டும் அறிந்தவரும் ஜப்பானிய மொழி மட்டும் அறிந்தவரும் சந்தித்தால் பேச்சுத் தடைப்படும். அதற்கு ஒருவரை மட்டும் குறை கூறலாமா? புரியாமை இரு பக்கமும் இருக்கிறது என்றார் அவர்.

ஒருவர் காதில் சொன்ன செய்தியை அடுத்தவர் காதில் சொல்லி அனுப்பும் விளையாட்டை நீங்கள் ஆடியிருப்பீர்கள். கேதரின் கிராம்ப்டனும் அவர் குழுவினரும் பெரியவர்களைக் கொண்டு ஏறத்தாழ இதே முறையில் ஒரு சோதனை நடத்தி, 2020-ல் முடிவை வெளியிட்டனர். எட்டு எட்டுப் பேராக வரிசைகள் அமைத்து ஒரு கதையைச் சொல்லி அனுப்பினர். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை, ஆட்டிசம் இல்லாதவர்களின் வரிசையில் சென்ற அளவுக்கே நன்றாகச் சென்றது. இரு வகையினரும் கலந்திருந்த வரிசையில்தான் விவரங்கள் விரைவாக உதிர்ந்து போயின!

யாருக்குக் கற்பிப்பது?

அப்படியானால், பழகும் முறையைக் கற்றுக்கொள்ள வேண்டியவர் யார்? கசாரியும் அவர் குழுவினரும் 6 முதல் 11 வயது வரையுள்ள 60 ஆட்டிசக் குழந்தைகளைப் பள்ளிகளில் ஆராய்ந்து, 2012-ல் விடை கூறினர். ஒரு வகையில், ஆட்டிசக் குழந்தைக்கே பழகும் முறையைத் தனியாகப் பயிற்றுவித்தனர். மற்றொரு வகையில், அக்குழந்தையை விட்டுவிட்டு, தனித்திருக்கும் பிள்ளைகளை எப்படிச் சேர்த்துக் கொள்வது என்று அவ்வகுப்பின் வேறு சில மாணவர்களுக்குக் கற்றுக் கொடுத்தனர். இரண்டாவது வகையே அதிகப் பயன் தந்தது. அக்குழந்தைகள் விளையாட்டுத் திடலில் தனித்து நிற்பது குறைந்தது. அவர்களைத் தம் நண்பர் என்று குறிப்பிட்டவர்களின் எண்ணிக்கையும் கூடியது.

விளையாட்டைத் தொடங்கும் முறை

முதலில், குழந்தை எதை விளையாடுகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். அருகில் அமர்ந்து நீங்களும் கற்களை அடுக்குங்கள். ஒரே இடத்தில் இருவர் அவரவர் விளையாட்டை ஆடுவதும் விளையாட்டின் ஒரு படிதான் என்று மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே விளக்கினார். கடலூர் வெள்ளிக் கடற்கரையில் முன்பின் அறியாத சிறுவர்கள் பக்கத்தில் பக்கத்தில் மணல்வீடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நட்பு பெரும்பாலும் அப்படித்தான் அரும்புகிறது.

அடுத்து, அவன் ஈடுபாட்டையே விளையாட்டாக்குங்கள். அவனுடைய கல்வரிசை ரயிலாகட்டும். ஐந்து மாணவர்கள் ஐந்து நிலையங்களாக நிற்கட்டும். அடுத்த நிலையம் எது என்று அறிவிக்கும் பொறுப்பு அவனுடையது. இதுவரை வேடிக்கையாகக் கருதப்பட்ட அவனது அறிவு இப்போது ஆட்டத்திற்கே இன்றியமையாததாகி விடுகிறது.

மூன்றாவதாக, விதிகள் தெளிவான ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். பல்லாங்குழி இதற்கு ஏற்றது. இருவரே ஆடுவது. குழிகள் 14. யார் முறை என்பதில் ஐயமில்லை, கூச்சலும் இல்லை. முறை மாறும்போது "இப்போது உன் முறை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பேசாத குழந்தைக்குப் படம் காட்டியோ கையசைத்தோ உணர்த்தலாம்.

அவன் விலகிச் சென்றால் இழுக்காதீர்கள், ஓய்வெடுக்க அமைதியான இடம் கொடுங்கள். கண்ணைப் பார்க்கும்படி வற்புறுத்தவும் வேண்டாம்.

பெற்றோரும் இதில் பங்கு கொள்ளலாம். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 சிறு குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2016-ல் வெளிவந்தது. சிறப்பு மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்கள், பெற்றோர் தம் குழந்தையோடு விளையாடுவதைப் படம் பிடித்து அவர்களுக்கே காட்டி வழிகாட்டினர். குழந்தையின் குறிப்பறிந்து ஈடுகொடுக்கும் திறன் பெற்றோரிடம் வளர்ந்தது. குழந்தைகளும் தாமாகவே பெற்றோரிடம் தொடர்பு கொள்வது அதிகரித்தது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. கடலூர் மாவட்டப் பெற்றோர், கடலூரிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையங்களின் சிறப்பாசிரியர்கள் உதவுவர்.

ஆனால், எந்த அலுவலகமும் ஒரு குழந்தைக்கு நண்பனைத் தர முடியாது. மாணவர்களே, அது உங்களால் மட்டுமே முடியும். நாளை இடைவேளையில் உங்கள் பள்ளியின் சுவரோரம் யாரேனும் தனியே இருந்தால், அருகில் சென்று அமருங்கள். "வா, விளையாடலாம்" என்று அழைக்கும் முன், அவன் என்ன விளையாடுகிறான் என்று சற்று நேரம் பாருங்கள்.