விறகு வாங்குகிறீர்களா? தண்ணீர் வாங்குகிறீர்களா?

வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆனாலும் விறகு போய்விடவில்லை. பிரியாணிக் கடையில் தேக்சா ஏறுவதும், கல்யாண மண்டபத்துப் பின்கட்டில் அண்டா கொதிப்பதும் பல இடங்களில் இன்றும் விறகில்தான்.

"எந்த மரம் ஒசத்தி?" விறகுத் தொட்டியில் எல்லோரும் கேட்பது இதைத்தான். முதலில் கேட்க வேண்டியது வேறு: "காஞ்சு எத்தனை நாளாச்சு?"

பாதி தண்ணீர்!

பச்சையாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். 100 கிலோவுக்குப் பணம் கொடுத்தால் 50 கிலோதான் விறகு! அந்தத் தண்ணீரை ஆவியாக்கவும் உங்கள் விறகுதான் எரிய வேண்டும். காசும் போச்சு, சூடும் போச்சு. மிச்சம் புகைதான்.

நன்றாகக் காய்ந்துவிட்டால், கிலோவுக்குக் கிலோ எல்லா மரமும் கிட்டத்தட்ட ஒரே சூடுதான் தரும். எரிகிற விதத்தில்தான் வித்தியாசம்.

எதற்கு எது?

சவுக்கு: நேராகப் பிளக்கும், நின்று எரியும். ரயில் இன்ஜினுக்கு விறகு வேண்டும் என்று 19-ம் நூற்றாண்டிலேயே சென்னைப் பக்கத்துக் கடற்கரை மணலில் தோப்பு தோப்பாக வளர்த்த மரம். அண்டாவுக்கு இதுதான் ராஜா.

கருவேலம், வேலிகாத்தான்: முள் குத்தும். ஆனால் கெட்டி மரம். தணல் நெடுநேரம் நிற்கும். 'தம்' போட ஏற்றது.

புளி: இதுவும் கெட்டி. ஆனால் பிளப்பதற்குள் கோடாலிக்காரருக்கு வேர்த்துக் கொட்டிவிடும்.

மா: லேசு மரம். சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் தீரும்.

முருங்கை: பஞ்சு மாதிரி. காசு கொடுத்து வாங்காதீர்கள்.

அரளி: அடுப்புப் பக்கமே வேண்டாம். புகையும் விஷம்!

தட்டிப் பாருங்கள்

இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டுங்கள். 'டங்'கென்று கேட்டால் காய்ந்தது. 'தொப்'பென்றால் ஈரம். வெட்டு முனையில் வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். கையில் தூக்கினால் பார்வைக்குத் தெரிவதைவிடக் கனம் குறைவாக இருக்க வேண்டும். அடுப்பில் வைத்ததும் முனையில் நுரை தள்ளினால், ஏமாந்தது நீங்கள்தான்.

மழைக்கால விறகைக் கோடையிலேயே வாங்கிவிடுங்கள். பிளந்து, தரையில் படாமல், காற்று புகும்படி அடுக்கி, மேலே மட்டும் மூடுங்கள்.

இது காசு விஷயம் மட்டுமல்ல. ஈர விறகின் புகை கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கும். அதில் நாள் முழுக்க நிற்பவர் முதலாளி அல்ல, சமையல்காரர்!