முன்சக்கரத்தின் அகலம்



என்னிடம் பௌதிகம் பயின்ற மாணவன் ஒருவன் இப்போது ஜப்பானில் பொறியாளனாக இருக்கிறான். டொயோட்டா நிறுவனம் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட '86' என்னும் விரைவு வண்டியைப் பழையதாக வாங்கியிருப்பதாக அவன் எனக்கு ஒரு கடிதம் எழுதினான். வாரநாளில் வேலைக்கும், விடுமுறையில் மலைப்பாதைக்கும் அந்த வண்டிதான். மழை நாளில் வளைவுகளில் முன்பக்கம் திருப்பிய வழியே வராமல் வெளியே வழுக்கிச் செல்கிறதாம். ஆதலால், இருக்கும் 215 டயர்களைக் கழற்றிவிட்டு, முன்னால் மட்டும் 245 டயர்கள் பூட்டலாமா என்று கேட்டிருந்தான்.

டயர்க் கடையில் கேட்க வேண்டியதை வாத்தியாரிடம் கேட்கிறானே என்று முதலில் சிரித்தேன். எண்ணிப் பார்த்தால், முழுவதும் பள்ளிப் பௌதிகமே.

அவன் டயரின் பக்கச்சுவரில் 215/45 R 17 என்றிருக்கும். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 45 பங்கு. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். R என்பது உள்ளே இழைகள் ஓடும் முறையைக் குறிக்கும்.

அகன்ற டயர் தரையில் மிகுதியான பரப்பைத் தொடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கணக்குப் போடுவோம். முன்சக்கரம் ஒன்றின்மேல் 330 கிலோ எடை; உள்ளே காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2.2 கிலோ. வகுத்தால் 150 சதுர சென்டிமீட்டர். ஓர் அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரிய இடம்! டயரை அகலமாக்கினாலும் எடையும் அழுத்தமும் மாறாவிடில், இப்பரப்பு ஏறத்தாழ அவ்வளவே. அதன் வடிவந்தான் மாறும். நீளம் குறைந்து அகலம் கூடும். அதனால் பயனே இல்லையென்று சொல்லமாட்டேன். உலர்ந்த சாலையில் வளைவில் பிடிப்புக் கூடும். சூடும் பரவலாகப் பிரியும். பந்தயக்காரர்கள் அகன்ற டயரை விரும்புவது வீணுக்கல்ல.

ஆனால் அவன் போகும் பாதையில் மழை உண்டு. சாலையில் 3 மில்லிமீட்டர் நீர் நிற்கிறது. வண்டி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்று கொள்ளுங்கள். தரையில் படியும் அகலம் 18 சென்டிமீட்டர் ஆனால், ஒரு டயர் நொடிக்கு 12 லிட்டர் நீரை விலக்கியாக வேண்டும். 21 சென்டிமீட்டர் ஆனால் 14 லிட்டர். தொடும் நீளமும் குறைந்துவிட்டதால், நீரை வெளியேற்றக் கிடைக்கும் நேரமும் குறைவு. நீர் விலகாவிடில் டயர் அதன்மேல் மிதக்கும்; ஸ்டீயரிங்கை எப்பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும்.

இனி ரிம். அவனுடைய ரிம்மின் அகலம் 7 அங்குலம். 245/40 டயருக்குக் குறைந்தது 8 அங்குலம் வேண்டும். குறுகிய ரிம்மில் அதைத் திணித்தால் பக்கச்சுவர் பிதுங்கி, திருப்பத்தில் துவளும். சரி, 8 அங்குல ரிம்மே வாங்குகிறான் என்று வையுங்கள். ரிம்மின் நடுக்கோட்டுக்கும், வண்டியோடு அது பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரத்தை ஆஃப்செட் என்பர். அது மாறாதிருந்தால் ரிம் உள்ளே 12.7 மில்லிமீட்டரும், வெளியே அவ்வளவும் நீளும். உள்ளே சஸ்பென்ஷன் தூண், வெளியே மட்கார்டு. பின்சக்கரம் திரும்புவதில்லை, அதற்கு இடம் பார்ப்பது எளிது. முன்சக்கரத்தை இருபுறமும் முழுவதும் திருப்பியும், ஸ்பிரிங் அமுங்கிய நிலையிலும் பார்க்கவேண்டும். உரசுகிறதேயென்று சக்கரத்தை வெளியே தள்ளினாலோ, திரும்பும் அச்சுக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் மாறி, குழியில் விழும்போதெல்லாம் ஸ்டீயரிங் கையை உதறும்.

இவற்றைவிட நான் அஞ்சியது வேறொன்று. ஈரமான வளைவில் முன்டயர் மட்டும் அழுந்தப் பிடித்தால், பின்பக்கம் முதலில் விடும். வண்டி பம்பரமாய்ச் சுழலும். முன்பக்கம் வழுக்கினால், அச்சத்தில் எவரும் வேகத்தைக் குறைப்பார், பிடிப்புத் திரும்பிவிடும். பின்பக்கம் வழுக்கினால் அதை மீட்கும் கை வெகு சிலருக்கே உண்டு. ஆகவேதான் வீதியில் ஓடும் வண்டிகளைப் பெரும்பாலும் முன்பக்கம் முதலில் வழுக்குமாறு அமைக்கிறார்கள். அவன் குறை என்று எழுதியது அவனுக்கிட்ட காவல். அந்த '86' வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் ஒரே அளவு டயர் வைத்ததும் எண்ணிச் செய்ததே. அகலம் வேண்டுமானால் நான்கிலும் 225/45 பூட்டலாம். 7 அங்குல ரிம்மே அதனை ஏற்கும்.

இவ்வளவும் எழுதிவிட்டு, டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் பார்த்து எழுதும்படி கேட்டேன். அவற்றில் முதலிரண்டும் டயர் செய்யப்பட்ட வாரம், பின்னிரண்டும் ஆண்டு. பின்டயர்களில் 1422, முன்டயர்களில் 3113! அதாவது முன்டயர்கள் 2013-ஆம் ஆண்டின் முப்பத்தொன்றாம் வாரத்தில் செய்யப்பட்டவை. ரப்பர் இறுகிக் கட்டையாகியிருக்கிறது. அகலத்தின்மேல் பழி போட்டிருக்கிறோம்.

முன்னிரண்டுக்கும் அதே 215 அளவில், பின்னிருக்கும் அதே வகையில், புதிய டயர்கள் வாங்கினான். அடுத்த மழைக்காலத்தில் அவனிடமிருந்து வந்த கடிதத்தில், மலையில் பூத்திருந்த நீலப் பூக்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தான். டயரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.