தலையில் சூடும் மரபு

ஆடை உலகில் பழைமைக்கு மீண்டும் மவுசு கூடியிருக்கிறது. பாட்டன் பாட்டி காலத்துக் கட்டங்களும் பூவேலைப்பாடுகளும் புதிய துணிகளில் இடம்பிடித்து, சட்டைகளாகவும் கைப்பைகளாகவும் தொப்பிகளாகவும் விற்பனைக்கு வருகின்றன. பழந்துணியைப் பார்த்துப் புதிய தொப்பியை வடிவமைப்பதில் தவறேதும் இல்லை. கலைகள் அனைத்தும் அவ்வாறே வளர்ந்தன. ஆனால், ஒரு துணியிலிருந்து அதன் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோமா, அதை உருவாக்கியவரின் அறிவையும் சேர்த்து ஏற்கிறோமா என்பதுதான் கேள்வி. இதற்கு விடை தேடி பாரிஸ் வரை செல்ல வேண்டியதில்லை. நீலகிரி மாவட்டத்தின் எமரால்டு வரை சென்றாலே போதும்.

உதகைக்குத் தென்மேற்கே, நீர்மின் திட்டத்துக்கான அணையையும் ஏரியையும் தேயிலைத் தோட்டங்களையும் கொண்ட சிற்றூர் எமரால்டு. அதையொட்டிய அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. டிசம்பர், ஜனவரியிலோ புல்வெளிகளில் உறைபனி படரும். இத்தகைய மலையில் தலையை மூடுவது அலங்காரத்துக்காக மட்டுமன்று. படுகர் இன ஆண்களின் மரபுவழித் தலைப்பாகையும் பெண்கள் தலையில் கட்டும் வெண்துணியும் இந்தத் தேவையிலிருந்து எழுந்து, பின்னர் மரியாதையின் அடையாளங்களாக உயர்ந்தவை. இவற்றில் கத்தரிக்கும் ஊசிக்கும் வேலையில்லை. தறியிலிருந்து வந்த துணி அப்படியே சுற்றப்படுகிறது; அவிழ்த்தால் மீண்டும் முழுத் துணியாகிறது.

இதே மலையில்தான் தோடர்களின் 'பூத்துக்குளி' என்னும் போர்வையும் வாழ்கிறது. ஏறத்தாழ 2,000 பேரே உள்ள தோடர்கள் நெசவு செய்பவர்கள் அல்லர். சமவெளித் தறிகளிலிருந்து வரும் தடித்த வெள்ளைப் பருத்தித் துணியில், சிவப்பு, கறுப்பு நூல்களால் தோடர் பெண்கள் இடும் பூவேலைதான் அதன் உயிர். மாதிரிப் படம் இல்லை. துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டம் இல்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசி நகர்கிறது. எருமைக் கொம்பும் காட்டுப் பூவும் அந்த எண்ணிக்கையிலிருந்தே உருவாகின்றன. ஒரு போர்வையை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். வாழும்போது போர்த்தும் இந்தத் துணியே இறந்தவரின் உடலையும் போர்த்துகிறது.

இந்தத் துணியைத் தொப்பியாக்க விரும்பும் வடிவமைப்பாளர் முதலில் ஒரு சிக்கலைச் சந்திப்பார். கம்பளிப் பிசிறை அழுத்திச் செய்த கெட்டித் துணியை நீராவியில் மென்மையாக்கி, மரக்கட்டை அச்சில் கவிழ்த்து, விரும்பிய வடிவத்துக்குக் கொண்டுவரலாம். நெய்த துணி அப்படி இழுபடாது. அதை முக்கோணத் துண்டுகளாக வெட்டி இணைத்தால்தான் தலையின் வளைவுக்குப் பொருந்தும். ஆனால், இழை எண்ணி இட்ட பூவேலையைக் குறுக்கே வெட்டினால் கணக்கு அறுந்துவிடும். கொம்பு ஒரு துண்டிலும் அதன் நுனி மற்றொன்றிலும் நிற்கும்.

தீர்வும் அந்தத் துணியிலேயே இருக்கிறது. பூத்துக்குளியின் வேலைப்பாடு நீண்ட பட்டைகளாக அமைவது. ஆகவே, உச்சிப் பகுதியை வெற்றுத் துணியில் தைத்து, அதைச் சுற்றி வரும் பட்டையாகப் பூவேலையை முழுமையாக வைக்கலாம். மேலும், பூத்துக்குளியின் இருபுறமும் பயன்படுத்தத் தக்கவை. நூல் முனைகள் சற்றே மேலெழும்பி நிற்கும் சொரசொரப்பான பக்கத்தையே தோடர்கள் வெளிப்பக்கமாகக் கொள்கிறார்கள். விளிம்பை மடித்துவிடும் தொப்பிக்கு இதைவிடப் பொருத்தமான துணி ஏது? இந்த நுட்பங்களைப் புகைப்படம் சொல்லாது. பூவேலை செய்யும் பெண்ணின் அருகில் அமர்ந்தால்தான் புலப்படும். பூவேலையின் படத்தை மட்டும் எடுத்து இயந்திரத்தில் அச்சிடுபவருக்குக் கிடைப்பது நிழல் மட்டுமே.

நிழலை மட்டும் எடுத்துக்கொண்டால் என்னவாகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பாடம் உண்டு. சோழமண்டலக் கரையின் கைத்தறிகளில் நெய்யப்பட்ட கட்டம் போட்ட சதுரத் துணி, 'மதராஸ் கைக்குட்டை' என்னும் பெயரில் கடல் கடந்தது. கரீபியத் தீவுகளான மார்த்தினிக், குவாதலூப், செயின்ட் லூசியா ஆகியவற்றின் பெண்கள் அதை மடித்து, முனைகள் நிமிர்ந்து நிற்கும் தலையணியாக்கினர். அமெரிக்காவின் லூசியானாவில், கறுப்பின வழிவந்த சுதந்திரப் பெண்கள் கூந்தலைத் துணியால் மறைக்க வேண்டும் என்று 1786-இல் ஸ்பானிய ஆளுநர் மீரோ ஆணையிட்டார். இழிவுபடுத்த வந்த அந்த ஆணையை, வண்ணத் துணிகளைக் கலைநயத்துடன் கட்டி அவர்கள் அழகாக மாற்றினர். துணியின் வரலாற்றில் இது பெருமைக்குரிய பக்கம்.

ஆனால், அதன் மறுபக்கம் வேறு. இன்று ஆடை வணிகத்தில் 'மெட்ராஸ்' என்பது ஒரு கட்ட வடிவத்தின் பெயர். எந்த நாட்டு ஆலையில் நெய்தாலும், ஏன், அச்சிட்டாலும் அது மெட்ராஸ்தான். ஊரின் பெயர் உலகெங்கும் பரவியது. நெய்தவரின் பெயர் எங்கும் இல்லை.

தோடர் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இப்பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். எனினும், இச்சட்டம் முதன்மையாகக் காப்பது பெயரையும் பிறப்பிடத்தையும்தான். அதே கொம்பையும் பூவையும் வேறு பெயரில் இயந்திரம் பின்னும்போது, தடுப்பது எளிதன்று. 2025 ஜூனில் மிலான் மேடையில் பிராடா நிறுவனம் காட்டிய காலணிகள் கோலாப்பூர் செருப்புகளை ஒத்திருந்தன. அவற்றின் மூலத்தை அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது, இந்தியாவில் எதிர்ப்பு எழுந்த பிறகே. சட்டத்தைவிட வாங்குவோரின் விழிப்பே அங்கு வேலை செய்தது.

எனவே, செய்ய வேண்டியவை சில உண்டு. மலைத் துணியில் தொப்பி வடிக்க விரும்புவோர் பூவேலையை அப்பெண்களிடமே செய்வித்து, அவர்கள் செலவிடும் நாள்களைக் கணக்கிட்டு ஊதியம் தர வேண்டும். எந்த வடிவம் விற்பனைக்கு உரியது, எது சடங்குக்கு மட்டும் உரியது என்பதை அச்சமூகமே முடிவுசெய்ய வேண்டும். ஆடை வடிவமைப்புக் கல்வி நிலையங்கள் தங்கள் மாணவர்களைச் சில வாரங்களாவது இங்கு அனுப்பலாம். சுற்றுலாப் பயணிகளும் ஒரு தொப்பியை வாங்குமுன் இது யார் கைவேலை என்று கேட்கலாம்.

பழைமையிலிருந்து ஊக்கம் பெறுவது கடன் வாங்குவதைப் போன்றது. கொடுத்தவரின் பெயரைச் சொல்வதும் உரியதைத் திருப்பித் தருவதும் கடன் பெற்றவரின் கடமை. மதராஸ் நெசவாளருக்கு நாம் அதைச் செய்யத் தவறினோம். நீலகிரியில் ஊசி பிடிக்கும் கைகள் இன்னும் ஓயவில்லை. இங்கேனும் அதைச் செய்யக் காலம் இருக்கிறது.