பொறியியலில் இருந்து மின்சார வணிகத்துக்கு

பொறியியல் படித்த பிள்ளை, "மின்சாரம் வாங்கி விற்கிற வேலைக்குப் போகிறேன்" என்றால் எமக்கு நெஞ்சு திக்கென்கிறது. படிப்பு வீணாகிவிடுமோ?

மொன்றியலில் தலைமையகம் கொண்ட ஹைட்ரோ கியூபெக்கைப் பாருங்கள். அணைகளில் நீரைத் தேக்கி, நியூயோர்க்கில் விலை ஏறும்போது விற்கிறது; விலை விழும்போது வாங்கி, தன் நீரை மிச்சம் பிடிக்கிறது. எந்த மணித்தியாலத்தில் எவ்வளவு விற்கலாம் என்பதைச் சொல்ல அணையும் மின்கம்பியும் விளங்கவேண்டும். அது பொறியியலாளருக்குத் தெரியும்.

அவர் புதிதாகக் கற்கவேண்டியது ஒப்பந்தம். லப்ரடோரின் சேர்ச்சில் நீர்வீழ்ச்சி மின்நிலையம் 5,428 மெகாவாற் வலுக்கொண்டது. 1969இல் எழுதிய ஒப்பந்தப்படி அதன் மின்சாரத்தில் பெரும்பகுதி 2041 வரை கியூபெக்குக்கு. 1970களில் எண்ணெய் விலை ஏறியது. ஒப்பந்த விலை ஏறவில்லை. 2016இல் அது கிலோவாற் மணிக்கு 0.2 சதமாக இன்னும் குறைந்தது. வழக்குப் போட்டும் பயனில்லை. 2018இல் கனடிய உச்ச நீதிமன்றம் கியூபெக் பக்கமே தீர்ப்பளித்தது.

கட்டியவர்கள் பிழைவிடவில்லை, விலை எழுதிய இடத்தில்தான் பிழை. கணக்கு எழுதிப் பிழைத்த எமக்கு இது நன்றாக விளங்கும். ஆகவே பிள்ளையை மறிக்காதீர்கள். கணக்கியல், ஒப்பந்தச் சட்டம், பிரெஞ்சு மூன்றையும் படித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.