இரண்டு ரூபாய் கம்ப்யூட்டருக்கு ஒரு புது வாசல்

ஒரு கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது என்பதை முதலில் கண்டுபிடிப்பவர் யார் தெரியுமா? அதை உபயோகிப்பவர் இல்லை. புதுசு விற்பவர்!

நான் பி.காம். படித்தவன். எந்த மெஷினைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தேய்மானம்தான் ஞாபகத்துக்கு வரும். 2011-ல் 30,000 ரூபாய்க்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு அப்போது வருஷத்துக்கு 60 சதவீதம் தேய்மானம். பிற்பாடு, 2017-18 நிதியாண்டிலிருந்து 40 சதவீதம். வருஷா வருஷம் மிச்சத்தில் கழித்துக்கொண்டே வாருங்கள். 2025 மார்ச் கடைசியில் அதன் புத்தக மதிப்பு இரண்டு ரூபாய், கொஞ்சம் சில்லறை! கமர்கட் வாங்கலாம்.

ஆனால் இந்தக் கணக்கு கம்ப்யூட்டருக்குத் தெரியாதே? அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் செட்டியார்பட்டியில் அப்படி ஒரு ‘இரண்டு ரூபாய்’ கம்ப்யூட்டர் உண்டு. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரும், அடுத்து இருக்கிற தளவாய்புரமும் நைட்டி தைப்பதில் பேர் போனவை. தையல் மெஷின் சத்தம்தான் எங்களுக்குச் சுப்ரபாதம். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு போட்டோ ஸ்டுடியோ. நடத்துகிறவர் என்னைவிட மூத்தவர். ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு வீடு எல்லாமே அவர் கேமராவுக்குள் அடக்கம்.

முகூர்த்த மாசம் வந்தால் அண்ணனுக்குத் தூக்கம் போய்விடும். இரண்டு கேமரா, நாலு மெமரி கார்டு, ஒவ்வொன்றும் 64 ஜி.பி. ராத்திரி ரிசப்ஷன் முடிந்து கடைக்கு வரவே பன்னிரண்டு ஆகிவிடும். விடிகாலை வேறு ஊரில் முகூர்த்தம். அதற்குள் நாலு கார்டையும் கம்ப்யூட்டரில் இறக்கிக் காலி செய்தாக வேண்டும். ஒரு கார்டு இறங்க அரை மணிக்கு மேல். நாலுக்கும் சேர்த்து இரண்டேகால் மணி நேரம். அவசரப்பட்டு, முழுசாக இறங்காமலே கார்டை அழித்துவிட்டால்? தாலி கட்டுகிற காட்சி போச்சு! மாப்பிள்ளையை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியுமா, சார்?

“சிஸ்டம் அவுட்டேட் ஆயிருச்சுண்ணே. 45,000 ஆகும், புதுசு போட்டுருவோம்” என்று ஒரு கடைக்காரர் கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அண்ணன் கையில் பணம் இல்லாமல் இல்லை. மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட எடுத்து வைத்திருந்த பணம்.

“தம்பி, நீ கணக்குப் படிச்ச ஆளு. இது தேறுமா, தேறாதா?” என்றார் என்னிடம்.

“அண்ணே, எது லேட்டாகுது? எடிட் பண்றதா, காப்பி ஆகுறதா?”

“எடிட்டிங் ஓடிரும்ப்பா. இந்தக் காப்பிதான் உசிரை வாங்குது.”

அதாவது வியாதி மூளையில் இல்லை, தொண்டையில். தொண்டை அடைத்ததற்குத் தலையை மாற்றுவார்களா?

பவுன் கணக்கு!

கம்ப்யூட்டரின் தொண்டை என்பது அந்தச் சின்னச் சதுர ஓட்டை, யு.எஸ்.பி. போர்ட். பென் டிரைவைச் சொருகினால் முதல் தடவை போகாது, திருப்பினாலும் போகாது, மறுபடி திருப்பினால் போகுமே, அதுதான்.

இதன் பிறப்பில் நமக்கும் பங்கு உண்டு. பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போய் இன்டெல்லில் சேர்ந்த அஜய் பட், இதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர். எந்தப் பக்கம் திருப்பினாலும் போகிற மாதிரி ஏன் செய்யவில்லை என்று அவரைக் கேட்காதவர்கள் இல்லை. அப்படிச் செய்திருந்தால் வயரும் சர்க்யூட்டும் இரட்டிப்பாகி விலை ஏறியிருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். நியாயம்தான்.

1996-ல் வந்த முதல் யு.எஸ்.பி.யின் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். 2000-ல் வந்த யு.எஸ்.பி. 2-க்கு 480. 2008 கடைசியில் வந்த யு.எஸ்.பி. 3-க்கு 5,000.

இந்த இடத்தில்தான் நம்மை ஏமாற்றுகிற மாதிரி ஒரு கணக்கு வரும். போர்ட்டின் வேகத்தை ‘பிட்’டில் சொல்வார்கள். நம் ஃபைலோ ‘பைட்’டில் இருக்கும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எட்டு கிராம் சேர்ந்தது ஒரு பவுன் மாதிரி! யு.எஸ்.பி. 2-ன் 480 என்பது கிராம் கணக்கு. பவுனுக்கு மாற்றினால் 60. அதிலும் கொடுக்கல் வாங்கல் பேச்சுவார்த்தைக்கே பாதி போய், கைக்கு வருவது நொடிக்கு 30 மெகாபைட் சுமார்.

யு.எஸ்.பி. 3-க்கு 5,000 கிராம். இதில் 20 சதவீதம் ‘சேதாரம்’. எட்டு பிட் விஷயத்தை அனுப்பப் பத்து பிட் செலவு செய்கிற ஏற்பாடு அது. மிச்சம் 4,000 கிராம், அதாவது 500 பவுன். நடைமுறையில் அதிலும் கொஞ்சம் குறையும். குறைந்தாலும் பழசைவிடப் பத்து மடங்குக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது.

அண்ணனின் கம்ப்யூட்டரில் இருந்தது 2011 காலத்து இன்டெல் ஹெச்-61 போர்டு. இன்டெல் தன் சிப்செட்டுக்குள்ளேயே யு.எஸ்.பி. 3-ஐச் சேர்த்தது 2012-ல். சில போர்டு கம்பெனிகள் அதற்கு முன்பே தனி சிப் வைத்துக் கொடுத்தன. அண்ணன் போர்டில் அதுவும் இல்லை. ஒரே ஒரு வருஷ வித்தியாசத்தில் நீல வாசல் கைநழுவிப் போயிருக்கிறது!

நாலு வாசல், ஒரே சந்து

வாசல் இல்லை என்றால் இடித்து வைக்க வேண்டியதுதானே? அதற்குத்தான் யு.எஸ்.பி. கார்டு. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பச்சை அட்டை. மதர்போர்டில் சும்மா கிடக்கிற ஸ்லாட்டில் சொருகினால், பின்பக்கம் இரண்டோ நாலோ நீல போர்ட் முளைக்கும். விலை ஆயிரம் ரூபாய் சுமார்.

இது புது வித்தையும் இல்லை. 2000-க்குப் பிறகு, பழைய பென்டியம் மெஷின்களில் யு.எஸ்.பி. 2 கார்டு சொருகி ஆயுளை நீட்டித்தவர்கள் எத்தனையோ பேர். அதே வைத்தியம்தான், மருந்து மட்டும் புதுசு.

ஆனால் ஸ்லாட்டைப் பார்க்காமல் கார்டு வாங்கக் கூடாது. கேபினெட்டைத் திறந்தால் இரண்டு வகை தெரியும். நீளமாக, பெரும்பாலும் வெள்ளையாக இருப்பது பழைய பி.சி.ஐ. ஸ்லாட். அதில் சொருகியிருக்கிற எல்லா கார்டுகளுக்கும் சேர்த்தே நொடிக்கு 133 மெகாபைட்தான். பொது நல்லித் தண்ணீர் மாதிரி. அதில் யு.எஸ்.பி. 2 கார்டு ஓடும், 3-க்குப் போதாது. குட்டையாக இருப்பது பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஒற்றைப் பாதை ஸ்லாட். நமக்கு வேண்டியது இதுதான்.

அதிலும் தலைமுறை உண்டு. முதல் தலைமுறை ஸ்லாட் ஒரு பாதைக்கு 250 மெகாபைட் தரும், இரண்டாம் தலைமுறை 500 தரும். அண்ணன் போர்டில் இருந்தது இரண்டாவது. இன்னொன்று, கார்டில் நாலு போர்ட் இருப்பதால் நாலு மடங்கு வேகம் வராது. நாலு வாசலும் ஒரே சந்தில்தான் வந்து சேர்கின்றன.

அடுத்தது கரன்ட். ஒரு யு.எஸ்.பி. 3 போர்ட் 5 வோல்ட்டில் 900 மில்லி ஆம்பியர் வரை கொடுக்க வேண்டும். அதாவது 4.5 வாட். நாலு போர்ட்டுக்கு 18 வாட். ஒற்றைப் பாதை ஸ்லாட்டின் வழக்கமான ஒதுக்கீடு 10 வாட்தான். போதாததற்கு, அந்த ஸ்லாட்டில் 5 வோல்ட் லைனே கிடையாது. அதனால்தான் நல்ல கார்டுகளில் பவர் சப்ளையிலிருந்து நேராக வயர் கொடுக்கத் தனி சாக்கெட் இருக்கும். பத்து இருபது ரூபாய் மிச்சம் பிடிக்க சாக்கெட் இல்லாத கார்டை வாங்கி, அதில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைத் தொங்கவிட்டால், கரன்ட் பத்தாமல் காப்பி நடுவில் அது மயக்கம் போட்டாலும் போடும். தாலி கட்டுகிற காட்சியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்!

கடையில் பெட்டியைப் பார்த்தால் இன்னொரு குழப்பம். ‘3.0’ என்று ஒன்று, ‘3.1 ஜென் 1’ என்று ஒன்று, ‘3.2 ஜென் 1’ என்று ஒன்று. மூன்றும் ஒரே ஆள்தான், அதே 5,000 மெகாபிட். நியூமராலஜி பார்த்துப் பேரை மாற்றிக்கொண்டிருக்கிறார். பேருக்காகக் கூடக் காசு கொடுக்காதீர்கள்.

பன்னிரண்டு நிமிஷம்

மதுரைக்குப் போன ஒரு நண்பரிடம் சொல்லி, பவர் சாக்கெட் உள்ள நாலு போர்ட் கார்டு ஒன்றும், யு.எஸ்.பி. 3 கார்டு ரீடர் ஒன்றும் வாங்கி வரச் செய்தோம். இரண்டும் சேர்ந்து இரண்டாயிரத்துக்குள். ரீடர் எதற்கு என்கிறீர்களா? பழைய ரீடர் யு.எஸ்.பி. 2. வாசலை அகலமாக்கிவிட்டு, அதன் வழியாக மாட்டுவண்டியை ஓட்டி என்ன பிரயோசனம்?

கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கி மிச்சக் கரன்ட்டையும் தீர்த்தோம். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு தலையணைக்கு ஆகிற பஞ்சுத் தூசி! சுற்றிலும் தையல் யூனிட் இருந்தால் வேறு என்ன இருக்கும்? பிரஷ் வைத்துத் தட்டினோம். கேபினெட் இரும்பைத் தொட்டு உடம்பின் ஸ்டாடிக்கை இறக்கிவிட்டு, பின்பக்கத் தகட்டைக் கழற்றி, கார்டைச் சமமாக அமுக்கி, ஒரு ஸ்க்ரூ, ஒரு பவர் வயர். அம்புட்டுதான்.

அண்ணனிடம் இருந்தது விண்டோஸ் 10. அதற்குள்ளேயே டிரைவர் உண்டு என்பதால் தானாகவே கார்டை அடையாளம் கண்டுகொண்டது. விண்டோஸ் 7 என்றால் கார்டு கம்பெனியின் டிரைவரைத் தேடிப் போட வேண்டியிருந்திருக்கும்.

முதல் மெமரி கார்டைச் சொருகினோம். அண்ணன் பழக்கதோஷத்தில் டீ சொல்லி அனுப்பினார். டீ வந்து, குடித்து, கிளாஸைக் கீழே வைப்பதற்குள் காப்பி முடிந்துவிட்டது. பன்னிரண்டு நிமிஷம்!

“முழுசா வந்துருச்சா, இல்ல பாதியில நின்னுருச்சா?” என்றார் சந்தேகமாக. கடைசி கிளிப்பைத் திறந்து, பந்தியில் பாயசம் போடுகிற காட்சி வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

நாலு மெமரி கார்டுக்கு இரண்டேகால் மணி நேரம் ஆனது முக்கால் மணி நேரமாகிவிட்டது. ராத்திரிக்கு ஒன்றரை மணி நேரத் தூக்கம் லாபம். காலேஜ் ஃபீஸ் காலேஜுக்கே போய்ச் சேர்ந்தது.

எல்லோருக்கும் இல்லை

இதைப் படித்துவிட்டு உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தூக்காதீர்கள். இந்த வைத்தியம் ஒரே ஒரு வியாதிக்குத்தான். கம்ப்யூட்டர் ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம் எடுத்துக்கொள்கிறது என்றால் உள்ளே இருக்கிற பழைய ஹார்ட் டிஸ்க்கைத்தான் முதலில் மாற்ற வேண்டும். எடிட்டிங் திணறுகிறது என்றால் அது பிராசஸர், ராம் சமாசாரம். அங்கே நீல போர்ட் ஒன்றும் செய்யாது. மலிவு பென் டிரைவ் எழுதுகிற வேகமே ஆமை வேகம் என்றால், அதைத் தங்க வாசலில் சொருகினாலும் ஆமைதான். போர்ட், கேபிள், ரீடர், மெமரி கார்டு, உள்ளே ஹார்ட் டிஸ்க்... இந்த அஞ்சில் எது மெதுவோ, அதுதான் மொத்த வேகம்.

கீபோர்டு, மவுஸ், பிரின்டர் எல்லாம் பழைய போர்ட்டிலேயே இருக்கட்டும். விண்டோஸை மறுபடி போட வேண்டிவந்தாலும் பென் டிரைவைப் பழைய போர்ட்டிலேயே சொருகுங்கள். பழைய போர்டுகள் பலவற்றுக்கு, புதுக் கார்டு வழியாக பூட் ஆகத் தெரியாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே அப்படிப்பட்ட மெஷினில் பேங்க் வேலை, நெட்டில் மேய்வது எல்லாம் வேண்டாம். காப்பி, எடிட்டிங் மட்டும் செய்யட்டும். அல்லது லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். லினக்ஸ்காரர்கள் யு.எஸ்.பி. 3-க்கு 2009-லேயே தயார்.

ஆபீஸ் நண்பர்களே, மார்ச் 31 ராத்திரி டாலி பேக்கப் எடுக்க எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் சொருகிவிட்டு, கடைசி பஸ் போய்விடுமோ என்று கடிகாரத்தைப் பார்க்கிறவரா நீங்கள்? மேனேஜர் புதுக் கம்ப்யூட்டருக்குக் கையெழுத்துப் போடுவார் என்று காத்திருக்காதீர்கள். கம்ப்யூட்டர் பின்பக்கம் குனிந்து பாருங்கள். நீல போர்ட் ஏற்கெனவே இருந்து, யாரோ அதில் மவுஸை மாட்டி வைத்திருக்கலாம். அப்படியென்றால் செலவு பூஜ்யம். எடுத்து மாற்றுங்கள்! கறுப்பு போர்ட் மட்டும்தான் என்றால், உள்ளே குட்டை ஸ்லாட் ஒன்று காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆயிரம் ரூபாய்க்கு ஒரு வவுச்சர் போடுங்கள். அந்தத் தொகைக்கு எந்த மேனேஜரும் கையெழுத்துப் போடுவார்.

புதுசு வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 45,000 ரூபாய் கொட்டேஷன் கையில் வந்தால், “எது லேட்?” என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் செக் கொடுக்காதீர்கள்.