இரண்டு கம்ப்யூட்டர், ஒரே ஒரு கேபிள்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வீட்டு ஹாலில் இருப்பது அப்பாவின் பழைய கம்ப்யூட்டர். அதில் உள்ள விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதில் ஏறாது. எனவே புதிய லேப்டாப் வாங்கினோம். ஆனால் பாட்டியின் கடைசிப் பிறந்தநாள் வீடியோ, தங்கையின் கல்யாண போட்டோக்கள், ஸ்கேன் செய்த வீட்டுப் பத்திரம் என்று 120 ஜிபி பைல்கள் பழையதிலேயே இருந்தன. போதாக்குறைக்கு, அதன் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து புதிதாக ஒரு சத்தமும் வர ஆரம்பித்திருந்தது.

16 ஜிபி பென் டிரைவ் என்றால் எட்டு முறை நடக்க வேண்டும். ஒவ்வொரு பைலையும் இரண்டு தடவை காப்பி செய்ய வேண்டும். கூகுள் இலவசமாகத் தரும் இடமோ 15 ஜிபிதான். இது போன்ற நேரத்தில் கைகொடுப்பது நெட்வொர்க் கேபிள். இரண்டு கம்ப்யூட்டர்களையும் நேரடியாக இணைத்துவிடலாம். ரூட்டர் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். கேபிள், முகவரி, அனுமதி என்று மூன்று விஷயங்கள் சரியாக இருந்தால் போதும்.

முதலில் கேபிள்

ஈதர்நெட் என்ற இந்த முறை 1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. இன்று கடையில் "லேன் கேபிள்" என்று கேட்டால் தருவார்கள். "கேட் 5இ" அல்லது "கேட் 6" என்று அச்சிட்டிருந்தால் போதும். 100 மீட்டர் வரை இழுக்கலாம்.

"நேரடி இணைப்புக்கு கிராஸ் கேபிள்தான் வேண்டும்" என்று சிலர் சொல்வார்கள். முன்பு அது உண்மை. பழைய கார்டுகள் 1, 2 ஆகிய கம்பிகளில் அனுப்பி, 3, 6 ஆகியவற்றில் வாங்கும். சாதாரண கேபிளில் இரண்டு பக்கமும் ஒரே கம்பியில் அனுப்பினால் கேட்க ஆள் இருக்காது. எனவே கம்பிகளை மாற்றிக் கோத்தார்கள். இன்றைய கார்டுகள் இந்த மாற்றத்தைத் தாமே செய்துகொள்கின்றன. இரண்டில் ஒன்றுக்கு இந்த வசதி இருந்தாலே சாதாரண கேபிள் போதும்.

லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லையா? யுஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கேபிளை மாட்டியதும் போர்ட் அருகே சிறு விளக்கு எரியும். எரியாவிட்டால் வேறு கேபிளை மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவது முகவரி

வீட்டில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஐபி முகவரி தருவது ரூட்டர். இங்கே ரூட்டர் இல்லை. சும்மா விட்டால் விண்டோஸ் தானே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியை எடுத்துக்கொள்ளும். அதிலும் வேலை நடக்கும். ஆனால் நாமே முகவரி தந்தால் குழப்பம் இல்லை.

1. இரண்டிலும் வைபையை நிறுத்திவிடவும்.
2. கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர் சென்று, சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ் என்பதைக் கிளிக் செய்யவும்.
3. ஈதர்நெட் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுக்கவும்.
4. பட்டியலில் இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4 என்பதை டபுள் கிளிக் செய்யவும்.
5. பழைய கம்ப்யூட்டரில் 192.168.50.1 என்றும், புதியதில் 192.168.50.2 என்றும் கொடுக்கவும். சப்நெட் மாஸ்க் இரண்டிலும் 255.255.255.0. கேட்வே, டிஎன்எஸ் கட்டங்களைக் காலியாக விடவும்.

முதல் மூன்று எண்கள் தெருவின் பெயர், கடைசி எண் வீட்டு நம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரு ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டு நம்பர் வேறாக இருக்க வேண்டும்.

மூன்றாவது அனுமதி

பலரும் சிக்கிக்கொள்வது இங்கேதான். பைல்கள் உள்ள பழைய கம்ப்யூட்டரில் மட்டும் இவற்றைச் செய்தால் போதும்.

1. நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டரில் அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ் திறக்கவும். இந்தக் கேபிள் இணைப்பை விண்டோஸ் பொதுவாக முன்பின் தெரியாத "பப்ளிக்" நெட்வொர்க் என்றே நினைக்கும். எனவே பப்ளிக் பிரிவில் பைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் வசதியை ஆன் செய்யவும். எதிர்முனையில் நம் லேப்டாப் மட்டுமே இருப்பதால் இப்போதைக்கு ஆபத்தில்லை.
2. வேண்டிய போல்டரில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், ஷேரிங், ஷேர் என்று செல்லவும். உங்கள் யூசர் பெயர் அங்கே இருக்கும். மீண்டும் ஷேர் கிளிக் செய்யவும்.

இனி புதிய லேப்டாப்புக்கு வாருங்கள். கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஆங்கிலத்தில் பிங் என்று டைப் செய்து, இடைவெளி விட்டு 192.168.50.1 என்று கொடுங்கள். பதில் வந்தால் கேபிளும் முகவரியும் சரி. பிறகு விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தி, கிடைக்கும் கட்டத்தில் \\192.168.50.1 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். பழைய கம்ப்யூட்டரின் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கப்படும்.

எங்கள் வீட்டில் வண்டி நின்றது இந்த இடத்தில்தான். "நம்ம வீட்டு கம்ப்யூட்டருக்கு எதுக்குப்பா பாஸ்வேர்டு?" என்று அப்பா அதைக் காலியாகவே விட்டிருந்தார். பாஸ்வேர்டு இல்லாத அக்கவுண்டை நெட்வொர்க் வழியாக விண்டோஸ் உள்ளே விடாது. ஒரு பாஸ்வேர்டு வைத்ததும் போல்டர்கள் திறந்துகொண்டன. நான்கு இலக்க பின் நம்பர் இங்கே செல்லாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம்?

பழைய கார்டு 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு சுமார் 11 எம்பி நகரும். 120 ஜிபிக்கு மூன்று மணி நேரம். இரண்டிலும் ஜிகாபிட் கார்டு இருந்தால் நொடிக்கு 110 எம்பி வரை போகலாம். ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க்கின் வேகம் அதற்கு முன்பே தடுத்துவிடும்.

ஹார்ட் டிஸ்க் சத்தம் போட்டால், ஈடு செய்ய முடியாத பைல்களை முதலில் எடுங்கள். நாங்கள் பாட்டியின் வீடியோவை முதலில் எடுத்தோம். சினிமாப் பாட்டுகள் கடைசி. மொத்தமாக இழுக்காமல் போல்டர் போல்டராக நகர்த்தினால், நடுவில் கரண்ட் போனாலும் எங்கே விட்டோம் என்று தெரியும். இரண்டு கம்ப்யூட்டரும் ஸ்லீப் நிலைக்குப் போகாதபடி செட் செய்துகொள்ளுங்கள். கட் வேண்டாம்; காப்பி மட்டும் செய்யுங்கள்.

முடிந்ததும் இரண்டு பக்கமும் போல்டரின் பிராப்பர்ட்டீஸ் பார்த்து, பைல்களின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். சில பைல்களைத் திறந்தும் பாருங்கள். பின்னர் பைல் ஷேரிங்கை ஆஃப் செய்து, ஐபி முகவரியை "ஆட்டோமேட்டிக்" நிலைக்கு மாற்றிவிடுங்கள். மறந்தால், நாளை ரூட்டர் கேபிளை மாட்டும்போது இன்டர்நெட் வராது.

பழைய கம்ப்யூட்டரை உடனே விற்றுவிடாதீர்கள். புதிய லேப்டாப்பில் உள்ளவற்றை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இன்னொரு காப்பி எடுத்த பிறகு அதை அனுப்பலாம். எங்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு முன் தொடங்கிய வேலை மாலை காபிக்குள் முடிந்தது. அப்பா முதலில் திறந்து பார்த்ததும் பாட்டியின் வீடியோவைத்தான்.