பழைய மோட்டார் சைக்கிளின் உயிர்நாடி ஆயில் பம்ப்

கழற்றி எறிவதா, பழுது பார்ப்பதா?

பெங்களூரில் ஜே.சி. ரோடு, சிவாஜிநகர், கலாசிபாளையம் பக்கம் போய் வருகிறவர்களுக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் மவுசு தெரியும். ராஜ்தூத் 350 வந்தது 1983-ல். யமஹா ஆர்.எக்ஸ்.100 வந்தது 1985-ல். உற்பத்தி நின்றது 1996-ல். அன்று குமாஸ்தாக்களும் தொழிலாளர்களும் தவணை கட்டி வாங்கிய வண்டிகள் இவை. இன்று இவற்றைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்க இளைஞர்கள் போட்டி போடுகிறார்கள்.

பெயிண்ட் அடிக்கிறார்கள், குரோமியம் முலாம் பூசுகிறார்கள், புது சீட் மாட்டுகிறார்கள். ஆனால் என்ஜினின் வலது பக்கம், சிறு மூடிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு சாமான் உட்கார்ந்திருக்கிறது. அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதுதான் ஆயில் பம்ப். அது நின்றால் என்ஜின் நின்றது. ஓட்டுகிறவரின் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை.

எண்ணெய் ஏன் எரிகிறது?

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும். அதுவே சுற்றிச் சுற்றி வரும். டூ ஸ்ட்ரோக்கில் அது முடியாது. பெட்ரோலும் காற்றும் கிராங்க் அறை வழியாகத்தான் சிலிண்டருக்கு ஏற வேண்டும். எனவே பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் வேண்டிய எண்ணெய் அந்தப் பெட்ரோலோடு சேர்ந்தே உள்ளே போய், வேலை முடிந்ததும் எரிந்து புகையாக வெளியேறுகிறது.

முதலில் இதற்கு எளிய வழி ஒன்றுதான் இருந்தது. பெட்ரோல் டாங்கியிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றுவது. மைசூரில் 1961 முதல் 1996 வரை இயங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலையின் வண்டிகளில் பெரும்பாலானவை இப்படி ஓடியவைதான். ஜப்பானின் யமஹா கம்பெனி 1964-ல் 'ஆட்டோலூப்' என்ற முறையைக் கொண்டு வந்தது. எண்ணெய்க்குத் தனி டாங்கி. அதை அளந்து அனுப்ப ஒரு பம்ப். பெட்ரோல் பங்கில் அளவு குவளையைத் தேடும் தொல்லை தீர்ந்தது.

இரண்டு எஜமானர்கள்

இந்தப் பம்புக்கு இரண்டு எஜமானர்கள். ஒன்று என்ஜின். கிராங்கிலிருந்து பற்சக்கரம் வழியாகப் பம்ப் சுற்றுகிறது. என்ஜின் வேகமாகச் சுற்றினால் பம்பும் வேகமாகச் சுற்றும். மற்றொன்று ஓட்டுகிறவரின் வலது கை. ஆக்சிலரேட்டர் கேபிள் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை கார்புரேட்டருக்கும் இன்னொரு கிளை பம்புக்கும் போகிறது. கையை முறுக்க முறுக்க, பம்புக்குள் இருக்கும் பிளஞ்சர் கூடுதல் தூரம் நகர்ந்து கூடுதல் எண்ணெய் தள்ளும்.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பம்புக்குப் போகும் கேபிள் அறுந்தால் வண்டி நிற்காது. கார்புரேட்டர் கேபிள் நன்றாக இருப்பதால் வழக்கம் போல் சீறிப் பாயும். பம்ப் மட்டும் மிகக் குறைந்த அளவிலேயே எண்ணெய் விட்டுக் கொண்டிருக்கும். நகருக்குள் மெதுவாகப் போகும் வரை ஒன்றும் தெரியாது. பொங்கலுக்கு ஊருக்குப் புறப்பட்டு, ஓசூரைத் தாண்டிக் கிருஷ்ணகிரி சாலையில் முழு வேகம் பிடிக்கும்போது பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக் கொள்ளும். பின் சக்கரம் அப்படியே இறுகும்.

ஓடிக் கொண்டிருக்கும் வண்டி காரணமில்லாமல் இழுவை குறைந்து, சத்தம் மாறினால் யோசிக்க நேரம் இல்லை. உடனே கிளட்சைப் பிடித்து, ஓரமாக ஒதுங்க வேண்டும். பழைய டூ ஸ்ட்ரோக் ஓட்டுகிறவர்களில் பலர் இடது கையின் இரண்டு விரலை எப்போதும் கிளட்ச் மேலேயே வைத்திருப்பது இதனால்தான்.

நோய் எங்கே?

பம்பைக் கழற்றும் முன் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். அனுபவசாலி மெக்கானிக்குகள் முதலில் ஸ்பேனரை எடுப்பதில்லை. எண்ணெய் அளவைத்தான் பார்க்கிறார்கள்.

எண்ணெய் டாங்கி குறைகிறது, கியர் பாக்ஸில் எண்ணெய் ஏறுகிறது என்றால் பம்ப் தண்டின் சீல் போய்விட்டது. நிறுத்தி வைத்த வண்டியிலும் எண்ணெய் கசிந்து கியர் பக்கம் இறங்கும்.

கியர் பாக்ஸ் எண்ணெய் குறைகிறது, புகை அதிகம் என்றால் குற்றவாளி பம்ப் அல்ல. கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீல் தேய்ந்து, என்ஜின் கியர் எண்ணெயை உறிஞ்சுகிறது. பம்பை மாற்றினால் காசுதான் வீண்.

இரண்டு நாள் நிறுத்திய வண்டி, ஸ்டார்ட் செய்ததும் தெருவையே மறைக்கும் அளவு புகை விட்டுப் பிறகு சரியாகிறதா? பம்பின் வெளிவாயில் ஒரு சின்னக் குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கும். எண்ணெய் தானாக வழியாமல் தடுப்பது அதுதான். அதில் அழுக்கு சிக்கியிருக்கும்.

புகையே இல்லை என்றால் சந்தோஷப்படக் கூடாது. எண்ணெய் போகவில்லை என்று அர்த்தம்! டாங்கியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம். குழாய் வெடித்துக் காற்று இழுக்கலாம். சில மாடல்களில் பம்பைச் சுற்றும் பிளாஸ்டிக் பற்சக்கரம் பல் போயிருக்கலாம். ஒரு முறை எண்ணெய் டாங்கி வற்றிப் போயிருந்தாலும் போதும். மறுபடி ஊற்றிய பிறகும் குழாயில் காற்று அடைத்து நிற்கும்.

ராஜ்தூத் 350-க்கு இரண்டு சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழாய். ஒரு குழாய் அடைத்தால் ஒரு பிஸ்டன் மட்டும் சாகும். மற்றது நன்றாக இருக்கும். இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

பழுது பார்க்கும் முறை

முதலில் என்ஜினின் வெளிப்புறத்தைக் கழுவித் துடைக்க வேண்டும். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் பிளஞ்சரில் கீறல் விழும். டாங்கியிலிருந்து வரும் குழாயை ஒரு போல்ட் வைத்து அடைத்த பிறகு கேபிளைக் கழற்றலாம். ஸ்க்ரூக்கள் பல ஆண்டு இறுகிக் கிடக்கும். சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் தலை மழுங்கும். சுத்தியால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் இதற்கு ஏற்றது.

பம்பை ஒரு தட்டில் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் பிரிக்க வேண்டும். அந்தக் குண்டு கீழே விழுந்து உருண்டால் தேடி எடுப்பது பெரும்பாடு. மெல்லிய ஷிம் வாசர்கள் எத்தனை, எந்த வரிசையில் இருந்தன என்று தாளில் குறித்துக் கொள்ள வேண்டும்.

பாகங்களைச் சுத்தமான பெட்ரோலில் கழுவலாம். துளைக்குள் கம்பி விடக் கூடாது; காற்றடித்தால் போதும். பிளஞ்சரில் எமரித் தாள் படவே கூடாது. அதில் ஆழமான கீறல் இருந்தால் அந்தப் பம்ப் தேறாது. வேறு பம்ப் தேட வேண்டியதுதான். கீறல் இல்லாவிட்டால் சீல், ஓ-ரிங் இரண்டையும் மாற்றினாலே பெரும்பாலான பம்புகள் பிழைத்துக் கொள்ளும். எண்ணெயும் பெட்ரோலும் தாங்கும் நைட்ரைல் ரப்பராகப் பார்த்து வாங்க வேண்டும். சாதாரண ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். குழாயும் அப்படியே. கல்லாக இறுகிப்போன பழைய குழாயைத் திரும்ப மாட்டுவது, தேய்ந்த கயிற்றில் வாளி கட்டுவது போல.

பூட்டும்போது எல்லாப் பாகங்களிலும் டூ-டி ஆயில் தடவிப் பூட்ட வேண்டும். பிறகு அளவு. பம்ப் சக்கரத்துக்கும் அதன் முன் தகட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் பிளஞ்சரின் குறைந்தபட்ச ஓட்டம். ஆக்சிலரேட்டர் மூடிய நிலையில், பிளஞ்சர் முழுவதும் வெளியே வந்திருக்கும்போது ஃபீலர் கேஜ் விட்டு அளக்க வேண்டும். ராஜ்தூத் 350-ல் இது 0.20 முதல் 0.25 மில்லிமீட்டர். இரண்டு தாளின் கனம்தான்! குறைந்தால் ஷிம் சேர்க்க வேண்டும். கூடினால் எடுக்க வேண்டும். கடைசியாகக் கேபிள். கார்புரேட்டரைச் சரி செய்த பிறகே பம்ப் கேபிளைத் தொட வேண்டும். சக்கரத்தில் உள்ள குறி, ஊசிக்கு நேராக நிற்க வேண்டும். ஆக்சிலரேட்டர் எந்த நிலையில் இருக்கும்போது அப்படி நிற்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அந்த வண்டியின் கையேடு சொல்வதே சரி.

காற்றை விரட்டு

வேலை இத்தோடு முடிந்தது என்று கிளம்பினால் முழு உழைப்பும் பாழ். பம்பில் உள்ள காற்றுப்போக்கு ஸ்க்ரூவைத் திறந்து, குமிழி இல்லாமல் எண்ணெய் வடியும் வரை விட்டு மூட வேண்டும். அடுத்து, டாங்கியில் லிட்டருக்கு 40 மில்லி எண்ணெய் கலந்த பெட்ரோல் ஊற்றி, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பம்ப் கேபிளை மட்டும் கையால் முழுவதும் இழுத்துப் பிடிக்க வேண்டும். சிலிண்டர் பக்கம் போகும் குழாயில் குமிழிகள் ஓடி மறையும் வரை பொறுத்திருக்க வேண்டும். அப்போது புகை ஏராளமாக வரும், பயப்பட வேண்டாம். அந்தக் கலவைப் பெட்ரோல் தீரும் வரை வேகம் கூடாது. அதற்குள் எண்ணெய் டாங்கி சிறிதாவது இறங்கியிருந்தால்தான் பம்ப் வேலை செய்கிறது என்று நம்பலாம்.

கழற்றி எறிந்தால் என்ன?

"பம்ப் எதற்கு? அடைத்துவிட்டுப் பெட்ரோலில் கலந்து ஊற்று" என்று சொல்கிறவர்கள் நிறைய. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கண்ணால் பார்த்து ஊற்றுவதால் மனதுக்கு நிம்மதி. உதிரி பாகம் தேடி அலைய வேண்டாம்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. ஒரு நாள் எண்ணெய் ஊற்ற மறந்தால் என்ஜின் போச்சு. எண்ணெய் கலந்த பெட்ரோலுக்குத் தக்கபடி கார்புரேட்டரையும் திருத்த வேண்டும். நந்தி மலை போன்ற இடங்களில் ஆக்சிலரேட்டரை மூடிவிட்டு கியரிலேயே நெடுந்தூரம் இறங்கும்போது, பெட்ரோல் உள்ளே போவது குறைகிறது. அதில் கலந்த எண்ணெயும் குறைகிறது. என்ஜினோ வேகமாகச் சுற்றுகிறது. பம்ப் இருந்தால் அந்த நேரத்திலும் என்ஜின் வேகத்துக்கு ஏற்ப எண்ணெய் விட்டுக் கொண்டே இருக்கும்.

ஆகவே பிளஞ்சர் நன்றாக இருக்கும் பம்பைக் குப்பையில் போடுவது சரியல்ல. பிளஞ்சர் கீறிய பம்பை நம்பி ஊருக்குக் கிளம்புவது அதைவிடத் தவறு. நல்ல பம்ப் கிடைக்கும் வரை கலந்து ஊற்றி ஓட்டலாம்.

கவனத்துக்கு

விளக்கெண்ணெய் வகையைச் சேர்ந்த ரேசிங் ஆயிலையும் சாதாரண டூ-டி ஆயிலையும் ஒரே டாங்கியில் கலக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து பசையாகிக் குழாயை அடைக்கும்.

மாதம் ஒரு முறை பம்ப் மூடியைத் திறந்து, ஒருவர் ஆக்சிலரேட்டரை முறுக்க, மற்றவர் பம்ப் சக்கரம் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

எண்ணெய் ஊற்றும் தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைப்பது நல்லது. வீட்டுச் செலவுக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது பெரிய காரியம் அல்ல. ஒரு லிட்டர் எண்ணெய் வழக்கத்தைவிட அதிக நாள் வந்தால் மிச்சம் என்று மகிழ வேண்டாம். அன்றே வண்டியை நிறுத்தி, பம்பைப் பார்க்க வேண்டும்.